டக்... டக்... டக்: ஹார்ட் டிஸ்க்குக்கு நாடி பார்த்த கதை

[ஒலி: ஒரு ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்குகிறது. சில விநாடிகள் கழித்து, டக்... டக்... டக்...]

இப்போ கேட்டீங்களே, இந்தச் சத்தம், இது ஒரு ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டுக்கிட்டிருக்கும்போது வர்றது. கேட்டதும் உங்களில் சிலருக்கு அடிவயிறு கலங்கியிருக்கும். கலங்காதவங்க ரெண்டு வகை. இன்னும் அனுபவப்படாதவங்க ஒரு வகை. எல்லாத்தையும் கிளவுட்ல வச்சிருக்கவங்க இன்னொரு வகை. அந்தக் கிளவுடும் எங்கேயோ சுத்திக்கிட்டிருக்கிற யாரோட ஹார்ட் டிஸ்க்கோதான், அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

இன்றைய எபிசோட் கம்ப்யூட்டர் ரிப்பேர் டிப்ஸ் இல்லை. நடுவில் ஒன்றிரண்டு வந்து விழும், அது போனஸ். நான் சொல்லப்போவது ஒரு எழுபது வருஷ இழுபறியின் வரலாறு. மூடின டப்பாவுக்குள்ள இருக்கிற ஒரு மெஷினுக்கு உடம்பு சரியில்லைன்னு வெளியில் இருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? அதைக் கண்டுபிடிக்க வேண்டியது யார்? கண்டுபிடித்தவர் அதை நம்மிடம் சொல்வாரா?

முதலில் அந்த ‘டக்’ என்னவென்று பார்த்துவிடுவோம். ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி மாதிரி பளபளக்கும் தட்டுகள் சுழல்கின்றன. ஒரு கையின் நுனியில் இருக்கும் ஹெட், தட்டில் எழுதியிருப்பதைக் காந்தம் மூலம் படிக்கிறது. தட்டில் உங்கள் டேட்டா மட்டும் இல்லை. ‘நீ இப்போ இத்தனாவது வட்டத்தின் மேல இருக்க’ன்னு ஹெட்டுக்கு வழி சொல்லும் குறிகளும் ஃபாக்டரியிலேயே எழுதப்பட்டிருக்கும். ஹெட் பழுதானாலோ, தட்டு கீறிப்போனாலோ அந்தக் குறிகள் படிக்க வராது. கை இங்கும் அங்கும் போய்த் தேடும், கிடைக்காது, ஆரம்ப இடத்துக்கே திரும்பும், மறுபடி தேடும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஒரு டக். கண் தெரியாமல் போன ஒருத்தர் வீட்டுச் சுவரைத் தடவிக்கிட்டே கதவைத் தேடுவது மாதிரி.

இப்போ 1956-க்குப் போகலாம்.

அந்த வருஷம் செப்டம்பரில் ஐபிஎம் கம்பெனி ‘305 ராமாக்’ என்ற கம்ப்யூட்டரை அறிவித்தது. அதோடு வந்த ‘350’ என்ற பெட்டிதான் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ரெனால்ட் ஜான்சன் தலைமையில் இருந்த குழு உருவாக்கியது. ஒரு டன் எடை. உள்ளே 50 தட்டுகள், ஒவ்வொன்றும் 24 அங்குலம், அதாவது நம்ம ஊர் கல்யாணப் பந்தியில் பெரிய தாம்பாளம் பார்த்திருப்பீங்களே, அதைவிடப் பெரிசு. நிமிஷத்துக்கு 1,200 சுற்று. இத்தனைக்கும் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதில் அடங்கினால் ஆச்சரியம்.

ஐம்பது தட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கை. அது லிஃப்ட் மாதிரி மேலும் கீழும் போய், வேண்டிய தட்டுக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே நுழையும். ஹெட் தட்டைத் தொட்டுவிடாமல் இருக்க, கம்ப்ரெஸ்ஸர் வைத்து அழுத்தக் காற்றை இடையில் ஊதிக்கொண்டே இருந்தார்கள். நமக்கு வேண்டிய விஷயம் என்னன்னா, இந்த ராமாக்கை வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் மாதம் 3,200 டாலர் வாடகைக்குத்தான் எடுத்தார்கள். சொந்தக்காரர் ஐபிஎம். கெட்டுப்போனால் ஐபிஎம் ஆள் வந்து பார்ப்பார். பெட்டியைத் திறந்தால் கை எங்கே நிற்கிறது, எந்தத் தட்டில் கீறல் என்பதெல்லாம் கண்ணுக்கே தெரியும். நோய் கண்டுபிடிக்க வேண்டியவர், மருந்து கொடுக்க வேண்டியவர், செலவு ஏற்க வேண்டியவர், மூணு பேரும் ஒரே ஆள். இந்த ஏற்பாட்டை ஞாபகம் வச்சுக்கோங்க. இனி வரும் கதை முழுக்க அந்த மூணு பேரும் பிரிஞ்சு போற கதைதான்.

1961-ல் ஐபிஎம் அறிவித்த 1301-ல், கம்ப்ரெஸ்ஸர் இல்லாமல், தட்டு சுழலும் வேகத்தில் உண்டாகும் காற்றிலேயே ஹெட் மிதக்க ஆரம்பித்தது. 1973-ல் ‘வின்செஸ்டர்’ என்ற செல்லப் பேரோடு வந்த 3340-ல், ஹெட்டையும் தட்டையும் சேர்த்து ஒரே மூடிய பெட்டிக்குள் வைத்தார்கள். ஹெட் பறக்கும் உயரம் அப்போதே ஒரு மைக்ரானுக்கும் கீழ். தலைமுடியின் தடிமன் அதைப்போல் பல பத்து மடங்கு. ஒரு புகைத் துகள் உள்ளே போனால்கூட ஹெட்டுக்கு அது ரோட்டில் கிடக்கும் பாறாங்கல். மூடித்தான் ஆகவேண்டும், வேறு வழியில்லை. ஆனால் மூடிய அன்றைக்கே, கண்ணால் பார்த்து நோய் சொல்லும் காலம் முடிஞ்சுபோச்சு. மிச்சமிருந்தது காது மட்டும்தான்.

[ஒலி: பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகும் சத்தம்]

1980-ல் சீகேட் கம்பெனியின் எஸ்டி-506 வந்தது. ஐந்தேகால் அங்குலம், 5 எம்பி, விலை 1,500 டாலர். ஹார்ட் டிஸ்க் ஆபீஸ் மேஜைக்கு வந்த கதை இங்கே தொடங்குகிறது. அந்தக் கால டிஸ்க்குகளில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. மூடி மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் வரிசையாக எண்கள்: இத்தனாவது சிலிண்டர், இத்தனாவது ஹெட். அது என்ன தெரியுமா? ஃபாக்டரியில் சோதித்தபோது கண்டுபிடித்த பழுதுகளின் பட்டியல். ‘இந்த டிஸ்க்கில் இந்தந்த இடம் கெட்டது, அங்கே எழுதாதே’ன்னு விற்கிறவரே எழுதி ஒட்டிக் கொடுத்தார். புது டிஸ்க் வாங்கினவர் டாஸ் திரையில் டிபக் என்று தட்டி, ‘ஜி ஈக்வல்ஸ் சி800 கோலன் 5’ங்கற மந்திரத்தைப் போட்டு, கன்ட்ரோலர் கார்டு கேட்கக் கேட்க அந்த எண்களை ஒவ்வொன்றாகத் தன் கையால் டைப் செய்ய வேண்டும்.

சலிப்பான வேலைதான். ஆனால் அதைவிட நேர்மையான லேபிளை நான் எந்த எலெக்ட்ரானிக் பொருளிலும் பார்த்ததில்லை.

80-களின் பிற்பகுதியில் ஐடிஇ டிஸ்க்குகள் வந்தன. கன்ட்ரோலர் மூளை டிஸ்க்குக்குள்ளேயே குடியேறியது. பழுதுப் பட்டியலும் அதோடு உள்ளே போய்விட்டது. இப்போது டிஸ்க்கிடம் உதிரியாகக் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஒரு செக்டர் கெட்டால், டிஸ்க் சத்தமில்லாமல் அதன் விலாசத்தை உதிரி இடத்துக்கு மாற்றிவிடும். விண்டோஸுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வசதிதான், மறுக்கலை. ஆனால் ஒரு டிஸ்க் வெளியே சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் அரித்துக்கொண்டு போவது சாத்தியமானது அதற்குப் பிறகுதான்.

1993-ல் எம்எஸ்-டாஸ் 6.2-ஓடு ஸ்கேன்டிஸ்க் வந்தது. கரன்ட் போய் கம்ப்யூட்டர் ‘டப்’னு அணைந்து, மறுபடி போட்டால் ஓடுமே ஒரு நீலத் திரை, அதேதான். சோதனையில் கட்டம் கட்டமாகப் போகும், கெட்ட இடத்தில் ‘பி’ங்கற எழுத்து விழும். உதிரி வைத்துச் சமாளிக்கும் காலத்து டிஸ்க்கில் அந்த எழுத்து வரிசையாக விழ ஆரம்பித்தால், டிஸ்க்கின் சமாளிப்பு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதாவது, நமக்கு நோய் தெரியவரும்போது அது முற்றிப்போய்த்தான் இருக்கும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் டிஸ்க்தானே, அதையே சொல்லச் சொன்னால் என்ன? 1992-ல் ஐபிஎம் தன் ஏஎஸ்/400 கம்ப்யூட்டர்களுக்கான டிஸ்க் அடுக்குகளில் இதைத் தொடங்கியது. டிஸ்க் தன்னைத்தானே அளந்து பார்த்து, ‘நான் சீக்கிரம் கெட்டுவிடுவேன்’ என்று முன்கூட்டியே எச்சரிக்கும். காம்பேக் கம்பெனி, சீகேட், குவான்டம், கானர் ஆகியவற்றோடு சேர்ந்து ‘இன்டெலிசேஃப்’ என்று இதே மாதிரி ஒன்று செய்தது. 1995-ல் அதைத் தொழில்துறைக் குழுவின் முன் வைத்தது. பல கை மாறி அது ‘ஸ்மார்ட்’ என்ற பொதுத் தரமானது. இன்றைக்கு உங்கள் லேப்டாப்பில் இருக்கும் டிஸ்க்கிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை செக்டரை மாற்றியது, சூடு எவ்வளவு, எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு.

கேட்க அருமையா இருக்கு இல்லையா? இதில்தான் வில்லங்கம். எந்தெந்தக் கணக்கை வைப்பது, எந்த எல்லையைத் தாண்டினால் ‘ஆபத்து’ என்று சொல்வது என்பதையெல்லாம் அந்தந்தக் கம்பெனியே முடிவு செய்துகொள்ளலாம். எல்லையைக் கீழே வைத்தால் என்ன ஆகும்? வாரன்டி காலத்திலேயே ஆயிரம் பேர் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு வருவார்கள். ஆகவே ‘நன்றாக இருக்கிறது’ என்று கடைசி வரை சொல்லும் டிஸ்க்கால் கம்பெனிக்கு நஷ்டமில்லை. திட்டமிட்டு ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல வரலை. நோயாளி, டாக்டர், பில் கட்டுபவர் யார் யார் என்று பாருங்கள் என்றுதான் சொல்றேன். இன்னொரு கூத்தும் உண்டு. சீகேட் டிஸ்க்குகளில் ‘படிக்கும்போது வந்த பிழை விகிதம்’ என்ற இடத்தில் கோடிக்கணக்கில் ஒரு எண் நிற்கும். பார்த்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அந்த எண்ணில் பிழைகளோடு மொத்த வேலைக் கணக்கும் சேர்ந்தே பதிந்திருக்கிறது, டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகலை.

2000-ல் இந்த ‘நல்லாத்தான் இருக்கேன்’ பேச்சுக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. ஐபிஎம் ‘டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி’ என்ற டிஸ்க்கை வெளியிட்டது. நிமிஷத்துக்கு 7,200 சுற்று, 75 ஜிபி வரை கொள்ளளவு, அலுமினியத்துக்குப் பதில் கண்ணாடித் தட்டுகள். வேகம் பிரமாதம், எல்லோரும் வாங்கினார்கள். கொஞ்ச மாதங்களில் இணையம் முழுக்க ஒரே புலம்பல். டக், டக், அப்புறம் கீறும் சத்தம். டெஸ்க்ஸ்டாரை ‘டெத்ஸ்டார்’ ஆக்கிவிட்டார்கள். செத்த டிஸ்க்கைத் திறந்து பார்த்தவர்கள் எடுத்த படங்கள் இன்றும் கிடைக்கும்: ஹெட் உராய்ந்து உராய்ந்து காந்தப் பூச்சு முழுக்க உரிந்து, தட்டு வெறும் ஜன்னல் கண்ணாடியாக நிற்கும். அந்தப் பக்கம் இருக்கிற விரல் இந்தப் பக்கம் தெரியும். அவ்வளவு டேட்டாவும் கறுப்புப் பொடியாக டப்பாவின் ஓரத்தில் கிடக்கும். எந்த ரெக்கவரி நிபுணராலும் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

காரணம் என்ன? ஒவ்வொருத்தரும் ஒன்று சொன்னார்கள். சூடு என்றார்கள், பவர் சப்ளை என்றார்கள், ஹங்கேரி ஃபாக்டரியில் செய்தது மட்டும்தான் மோசம் என்றார்கள். வாங்கினவர்கள் ஆளுக்கொரு சின்னத் துண்டு அனுபவத்தை வைத்துக்கொண்டு முழு யானையைத் தடவினார்கள். மொத்தம் எத்தனை விற்றது, எத்தனை செத்தது என்ற கணக்கு கம்பெனியிடம் மட்டும்தான் இருந்தது. 2001-ல் அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். ஐபிஎம் 2002-ல் ஹார்ட் டிஸ்க் தொழிலையே ஹிடாச்சிக்கு விற்பதாக அறிவித்தது. சுமார் 205 கோடி டாலர். முதல் ஹார்ட் டிஸ்க்கை உலகுக்குக் கொடுத்த கம்பெனி அந்தத் தொழிலை விட்டே வெளியேறியது. வழக்கு 2005-ல் சமரசத்தில் முடிந்தது, பாதிக்கப்பட்டவருக்கு 100 டாலர். போன போட்டோவுக்கு அது என்ன விலை என்று நீங்களே சொல்லுங்க.

யாரிடமாவது ‘மொத்தக் கணக்கு’ இருந்தால் நல்லா இருக்குமே? அது 2007 பிப்ரவரியில் வந்தது, அதுவும் ஒரே மாநாட்டில் ரெண்டு.

ஒன்று கூகுளிலிருந்து. எட்வர்டோ பின்ஹேரோ, வுல்ஃப்-டீட்ரிச் வெபர், லூயிஸ் ஆன்ட்ரே பரோசோ என்ற மூவர், கூகுளில் ஓடிக்கொண்டிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளின் ஸ்மார்ட் எண்களைச் சேகரித்து, எது செத்தது, சாவதற்கு முன் என்ன சொன்னது என்று பார்த்தார்கள். மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை வந்துவிட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்ற டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம். அப்படின்னா ஸ்மார்ட் வேலை செய்யுதுன்னு தோணும். அடுத்த எண்ணைக் கேளுங்க. செத்த டிஸ்க்குகளில் 56 சதவீதம், முக்கியமான நாலு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் செத்தன. வெப்பநிலை தவிர மற்ற எல்லா அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தாலும், 36 சதவீதத்துக்கு மேல் எந்த முன்னறிவிப்பும் இல்லை.

அறிகுறி இருந்தால் ஆபத்து உறுதி. அறிகுறி இல்லை என்பதற்கு அர்த்தமே இல்லை. நாடி நல்லா இருக்குன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பின ஆள் வாசல் தாண்டுறதுக்குள்ள விழுந்த மாதிரி. சூட்டைப் பற்றியும் ஒரு நம்பிக்கையை உடைத்தார்கள். குளிரில் வைத்தால் டிஸ்க் நீடிக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர்கள் கணக்கில், ரொம்பக் குளிர்ந்த டிஸ்க்குகள்தான் அதிகம் கெட்டன. ரொம்பச் சூடான, வயதான டிஸ்க்குகளில் மட்டும்தான் சூடு பிரச்சினையாகத் தெரிந்தது.

இன்னொன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் செய்தது. டிஸ்க் அட்டையில் ‘சராசரி ஆயுள் 10 லட்சம் மணி நேரம்’ என்று போட்டிருப்பார்கள். வகுத்துப் பாருங்க, 114 வருஷம். அந்தக் கணக்குப்படி வருஷத்துக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம் டிஸ்க்குகள்தான் மாற்றப்பட வேண்டும். நிஜத்தில் 2 முதல் 4 சதவீதம் சாதாரணம், சில இடங்களில் 13 சதவீதம் வரை போனது. அட்டையில் போட்டது அட்டையோடு போச்சு.

இங்கே ஒரு சின்னப் பக்கவாட்டுப் பயணம். சத்தத்தைப் பற்றிப் பேசும் எபிசோடில் இதைச் சொல்லாமல் விட முடியாது. நாம்தான் டிஸ்க்கைக் கேட்கிறோம் என்று நினைக்கிறோம். டிஸ்க்கும் நம்மைக் கேட்கும். 2008 கடைசியில், சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த பிரென்டன் கிரெக், டேட்டா சென்டரில் டிஸ்க் அடுக்குகளுக்கு முன்னால் போய் நின்று, வாயைத் திறந்து ‘ஆஆ’ன்னு கத்தினார். திரையில் ஓடிக்கொண்டிருந்த வரைபடத்தில், கத்திய அந்தக் கணத்தில், டிஸ்க்குகள் பதில் சொல்ல எடுத்த நேரம் சட்டென்று எகிறியது. குரலின் அதிர்வில் ஹெட் தன் வட்டத்தை விட்டு விலகி, மறுபடி தேட வேண்டியிருந்தது. அந்த வீடியோவைத் தேடிப் பாருங்க, சிரிப்பும் வரும், பயமும் வரும்.

இதையும் மிஞ்சிய ஒன்று. மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2022-ல் எழுதிய பழைய கதை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒரு கம்பெனியின் லேப்டாப்பில் ஜேனட் ஜாக்சனின் ‘ரிதம் நேஷன்’ பாட்டைப் போட்டால் லேப்டாப் செயலிழந்தது. அதைக்கூட விடுங்க, பாட்டு ஓடாத பக்கத்து லேப்டாப்பும் செயலிழந்தது! பாட்டில் இருந்த ஒரு அலைவரிசை, அந்த லேப்டாப்புகளில் இருந்த 5,400 சுற்று டிஸ்க்கின் இயற்கையான அதிர்வோடு ஒத்துப்போனதுதான் காரணம். கம்பெனி அந்த அலைவரிசையை மட்டும் வடிகட்டி எடுக்கும் ஒரு ஃபில்டரைப் போட்டுச் சமாளித்தது. ஒரு பாப் பாட்டுக்கு அதிகாரப்பூர்வ பாதுகாப்புக் குறைபாட்டு எண்ணே கொடுத்துவிட்டார்கள்.

[ஒலி: டக்... டக்...]

திரும்பி வருவோம். 2008 டிசம்பர், 2009 ஜனவரி. சீகேட்டின் ‘பாராகுடா 7200.11’ வரிசை டிஸ்க்குகள் திடீர் திடீரென்று மாயமாக ஆரம்பித்தன. நேற்று ராத்திரி ஒழுங்காக அணைத்த கம்ப்யூட்டர், காலையில் போட்டால் ‘டிஸ்க்கே இல்லை’ என்கிறது. டக் சத்தம் இல்லை, கீறல் இல்லை, ஸ்மார்ட் எச்சரிக்கையும் இல்லை. தட்டு அழகாகச் சுழல்கிறது. ஹெட் நலம். உள்ளே டேட்டா ஒரு எழுத்துகூடச் சேதமில்லை. ஆனால் டிஸ்க் ‘பிசியா இருக்கேன்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு யாருக்கும் பதில் தராமல் நின்றது.

நோய் உடம்பில் இல்லை, புத்தியில் இருந்தது. டிஸ்க் தனக்குள் ஒரு நிகழ்வுப் பதிவேடு எழுதிக்கொண்டே வரும். ஃபாக்டரியில் சோதித்தபோது எழுதிய சில தகவல்கள் குறிப்பிட்ட டிஸ்க்குகளில் அழிக்கப்படாமல் தங்கிவிட்டன. அப்படிப்பட்ட டிஸ்க்கில், பதிவேட்டின் கணக்கு சரியாக 320-ல் நிற்கும்போதோ, அதற்கு மேல் 256-இன் மடங்குகளில் நிற்கும்போதோ நீங்கள் அதை அணைத்துப் போட்டால், அதன் ஃபர்ம்வேர் குழம்பி அப்படியே நின்றுவிடும். 319-ல் போட்டிருந்தால் தப்பித்தீர்கள். யாருடைய டிஸ்க் எந்த எண்ணில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சுத்தமான லாட்டரி. சீகேட் திருத்திய ஃபர்ம்வேரை வெளியிட்டது. அந்தத் திருத்தமே சில 500 ஜிபி டிஸ்க்குகளை முடக்க, அதை இழுத்து மறுபடி வெளியிட வேண்டிவந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு டேட்டாவை இலவசமாக மீட்டுத் தருவதாகவும் அறிவித்தார்கள்.

அதற்குள் பொறுமை இழந்தவர்கள் தாங்களே வைத்தியத்தில் இறங்கிவிட்டார்கள். டிஸ்க்கின் பின்பக்கம், ஃபாக்டரி ஆட்கள் பேசுவதற்கென்றே சில பின்கள் உண்டு. அதில் செருகத் தோதான, மலிவான ஒயர் எது தெரியுமா? நோக்கியா போனை கம்ப்யூட்டரோடு இணைக்கும் சிஏ-42 கேபிள். அந்தக் காலத்தில் அது மொபைல் கடைகளில் சல்லிசாகக் கிடைத்தது. கேபிளை வெட்டி, பின்னில் சொருகி, போர்டுக்கும் உள் பாகத்துக்கும் நடுவில் ஒரு அட்டையைச் செருகி டிஸ்க்கை ஏமாற்றி எழுப்புவார்கள். கன்ட்ரோல்-இசட் அழுத்தினால் டிஸ்க் தன் சொந்த மொழியில் பதில் சொல்லும். பிறகு இசட், அதாவது சுற்றுவதை நிறுத்து. அட்டையை உருவு. யூ, அதாவது சுற்று. அடுத்து என்1: ஸ்மார்ட் பதிவுகளை அழி. அதாவது, அது தன்னைப் பற்றி எழுதி வைத்திருந்த டைரியை அழித்தால்தான் டிஸ்க் பிழைக்கிறது! எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இதுதான். நோயைக் கண்டுபிடிக்கத்தான் எல்லாவற்றையும் பதிந்து வைக்கிறோம், இங்கே அந்தப் பதிவேடுதான் ஆளை முடக்கியது.

ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் டேட்டா ரெக்கவரி வேலை பார்க்கும் ஒரு அண்ணன் எனக்குப் பழக்கம். டிஸ்க்கைக் கொண்டுபோய் நீட்டினால் மாடல் என்னன்னுகூட முதலில் கேட்க மாட்டார். “எத்தனை தடவைப்பா ஆன் பண்ணிப் பார்த்த?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. டக் சத்தம் வந்த டிஸ்க்கை ஒவ்வொரு தடவை ஆன் செய்வதும், உடைந்த ஹெட்டை எடுத்து தட்டின் மேல் ஒரு இழுப்பு இழுப்பதுதான். ஃப்ரீசரில் வைப்பது, தலையில் தட்டுவது எல்லாம் அவருக்குக் கெட்ட கோபத்தை வரவழைக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படியும், அதோடு கதை முடிஞ்சது. அதே அண்ணன் பல பேரை ஒரு ரூபாய் வாங்காமல் திருப்பியும் அனுப்புவார். காரணம், கெட்டது டிஸ்க்கே இல்லை, கேபிள்! ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆவது எண் கேபிள் வழியே வரும் பிழையைக் கணக்கெடுக்கும். 197, ‘இந்த செக்டரைப் படிக்க முடியலை, என்ன செய்றதுன்னு பார்த்துக்கிட்டிருக்கேன்’னு டிஸ்க் நிலுவையில் வைத்தவற்றின் எண்ணிக்கை. 199 மட்டும் ஏறியிருந்தால் முதலில் கேபிளை மாற்று. 197 ஏறினால் உடனே வேறு டிஸ்க்குக்கு நகலெடு. அதுவும் ரிப்பேர் சாஃப்ட்வேரை ஓட விடாமல், டிடி-ரெஸ்க்யூ மாதிரி, நல்ல இடங்களை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியில் திரும்பி வரும் ஒன்றை வைத்து.

கிளவுட் கதைக்கு வர்றேன்னு சொன்னேன் இல்லையா. பேக்பிளேஸ் என்ற கிளவுட் சேமிப்புக் கம்பெனி, தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளில் எந்த மாடல் எத்தனை செத்தது என்பதைப் பெயரோடு வெளியிட்டு வருகிறது. அந்த மூல எண்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். டெத்ஸ்டார் காலத்து மக்களிடம் இல்லாத அந்த மொத்தக் கணக்கு, ஒரு பகுதியாவது, இப்போது வெளியே இருக்கிறது. அவர்கள் ஐந்து எண்களைக் கவனிக்கிறார்கள்: 5, 187, 188, 197, 198. 2016-ல் வெளியிட்ட கணக்கில், செத்த டிஸ்க்குகளில் 76.7 சதவீதம் இந்த ஐந்தில் ஒன்றிலாவது முன்கூட்டியே சிக்கின. கூகுள் கணக்கைவிட மேல்தான். மிச்சம் 23.3 சதவீதம் எதுவும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தன.

‘செத்துப்போச்சு’ என்ற வார்த்தைக்கும் ஒரு வரம்பு உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஸீனான் வாயுவின் பாகுத்தன்மையை அளக்கும் ஒரு பரிசோதனை இருந்தது. பறக்கும்போதே கொஞ்சம் டேட்டா தரைக்கு வந்திருந்தது, மீதி ஒரு 340 எம்பி சீகேட் டிஸ்க்கில் இருந்தது. சில மாதங்கள் கழித்து வறண்ட ஏரிப் படுகையில் அது கிடைத்தபோது கருகிய உலோகக் கட்டியாக இருந்தது. க்ரோல் ஆன்ட்ராக் கம்பெனியின் ஜான் எட்வர்ட்ஸ் அதைத் திறந்தார். தட்டுகளில் சேதம் இருந்தது, ஆனால் எதுவும் எழுதப்படாத காலி இடங்களில். அந்தக் கம்ப்யூட்டரில் ஓடியது பழைய டாஸ். அது டேட்டாவை அங்கங்கே சிதறவிடாமல் ஒரே இடத்தில் எழுதி வைத்திருந்தது. 99 சதவீதம் மீண்டது. 2008-ல் அந்த ஆய்வு முடிவுகள் வெளிவந்தன.

இன்று உங்கள் லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் எஸ்எஸ்டி. சுழலும் தட்டு இல்லை, கை இல்லை, டக் இல்லை. காது வைத்துக் கேட்க ஒன்றுமே இல்லை. 2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கார்டு என்டர்பிரைஸ் தன் சர்வர் வாடிக்கையாளர்களுக்கு ஒரு அவசர அறிவிப்பு அனுப்பியது. குறிப்பிட்ட சில எஸ்எஸ்டி மாடல்கள், ஓட ஆரம்பித்து 32,768 மணி நேரம் ஆனதும், அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரத்தில், செயலிழந்துவிடும். எஸ்எஸ்டியையும் மீட்க முடியாது, உள்ளே இருக்கும் டேட்டாவையும் மீட்க முடியாது. ஃபர்ம்வேரை மாற்றுவதுதான் ஒரே வழி, அதையும் அந்த மணி அடிப்பதற்கு முன்னாடி செய்தாக வேண்டும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று நாலைந்து எஸ்எஸ்டிகளை ஒன்றாக வாங்கி, ஒரே சர்வரில், ஒரே நாளில் ஆன் செய்து வைத்திருந்த நிறுவனங்கள் உண்டு. அவர்களுக்கும் அந்த அறிவிப்பில் ஒரு வரி இருந்தது: ஒரே நேரத்தில் பயன்பாட்டுக்கு வந்தவை, ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகும்.

[ஒலி: எதுவும் இல்லை. ஐந்து விநாடி.]